ஒரு பட்டாலியன் எவ்வளவு இடம் பிடிக்கும்?

நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். விதிப்புத்தகம் வாங்குகிறார்கள். சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், பகடையில் என்ன விழுந்தால் எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1792க்கும் 1815க்கும் இடையில் ஐரோப்பாவில் நடந்த சண்டைகளை ஊன்றிப் படித்தால் வேறு இரண்டு கேள்விகள் முன்னால் வந்து நிற்கும். இந்தப் பட்டாலியன் எவ்வளவு இடம் பிடிக்கும்? இப்போதிருக்கும் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்தக் காலத்துச் சண்டைகளில் பலவற்றின் முடிவு, குண்டு பாய்ந்த தூரத்தைவிட இந்த இரண்டையும் நம்பித்தான் இருந்தது.

இரண்டுக்கும் விடை அன்றைய கவாத்து ஒழுங்குமுறைகளிலும் படை அமைப்புப் பட்டியல்களிலும் கிடைக்கிறது. வறண்ட ஆவணங்கள் என்று பலரும் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. அமைப்புப் பட்டியல் எத்தனை பேர் என்று சொல்கிறது. கவாத்துப் புத்தகம் அவர்கள் எங்கே, எப்படி நிற்பார்கள், எந்த வேகத்தில் நகர்வார்கள் என்று சொல்கிறது. ஒன்றை மட்டும் படித்தால் மற்றது புரியாது. சேர்த்துப் படித்தால் போர்க்களமே வரைபடமாக விரியும். அதை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் தோளோடு தோள் நின்றார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீரன் கையில் இருந்தது குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் மஸ்கட். நன்கு பழகியவன் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடலாம். 100 மீட்டரைத் தாண்டினால் தனி ஆளைக் குறிவைப்பதில் பொருளில்லை. ஆகவே பலர் நெருங்கி நின்று ஒன்றாகச் சுட்டால்தான் பலன். தனியாக நிற்பவன் குதிரைவீரனிடம் தப்ப முடியாது. நெருங்கி நிற்கும் துப்பாக்கிமுனைக் கத்திகளின் வேலிக்குத்தான் குதிரை தயங்கும். நெருக்கம் கட்டாயம் என்றானபின், 600 பேரை நெருக்கம் குலையாமல் நடத்திச் செல்வது எப்படி என்பதே ராணுவத்தின் முழுநேரக் கவலையாகிவிட்டது.

பிரெஞ்சுக் காலாட்படையின் ஒழுங்குமுறை 1791 ஆகஸ்ட் 1 தேதியிட்டது. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது, குடியரசு போய்ப் பேரரசு வந்தது. கவாத்துப் புத்தகம் மட்டும் நெப்போலியன் வீழும்வரை அதேதான். நான்கு படிகளில் அது ஏறுகிறது: தனி வீரனுக்கான பாடம், பிளட்டூனுக்கான பாடம், பட்டாலியனுக்கான பாடம், பல பட்டாலியன்கள் சேர்ந்து நகர்வதற்கான பாடம். ஆட்டக்காரர்கள் நேராகக் கடைசிப் படிக்குத் தாவ ஆசைப்படுவார்கள், ஏனென்றால் அங்கேதான் தளபதி இருக்கிறார். என் அறிவுரை, முதல் படியில் சில பக்கங்களாவது நிற்கவேண்டும். அடியின் நீளமும் நடையின் வேகமும் அங்கேதான் இருக்கின்றன. மற்ற எல்லாக் கணக்கும் அவற்றிலிருந்து பிறப்பவை.

ஓர் அடி என்பது ஏறக்குறைய 65 செ.மீ. சாதாரண நடை நிமிடத்துக்கு 76 அடி, விரைவு நடை 100, தாக்கும்போது 120. பெருக்கிப் பார்த்தால் சாதாரண நடையில் நிமிடத்துக்கு 50 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, விரைவு நடையில் 65 மீட்டர், தாக்கு நடையில் 78 மீட்டர். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மூன்று வரிசையில் நிற்பார்கள். அப்படி முன்பின்னாக நிற்கும் மூவரும் சேர்ந்து ஒரு ஃபைல். பக்கத்து ஆளின் முழங்கை தொடும் நெருக்கத்தில் நிற்பதால் ஒரு ஃபைல் பிடிக்கும் அகலம் சுமார் 55 செ.மீ.

இப்போது வரிசையில் துப்பாக்கியுடன் நிற்பவர்கள் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றால் வகுத்தால் 200 ஃபைல். பட்டாலியன் முழுவதும் பக்கவாட்டில் விரிந்து நின்றால் முகப்பு அகலம் 110 மீட்டர். பிரிட்டிஷ்காரர்களிடம் வாருங்கள். டேவிட் டன்டாஸ் 1788இல் எழுதிய நூலை அடியொற்றி 1792இல் வந்த அவர்களுடைய ஒழுங்குமுறையும் மூன்று வரிசைதான் சொல்கிறது. ஆனால் ஸ்பெயின், போர்ச்சுகல் களங்களில் அவர்கள் நின்றது இரண்டு வரிசையில். அதே 600 பேர், 300 ஃபைல், 165 மீட்டர். ஒரே எண்ணிக்கையில் இரண்டு படை எதிரெதிரே நிற்கும்போது ஒன்று மற்றொன்றை இரு பக்கமும் 25 மீட்டருக்கு மேல் தாண்டி நிற்கிறது. அந்த ஓரங்களில் நிற்பவர்கள் உள்நோக்கிச் சாய்ந்து சுடலாம். மூன்றாம் வரிசையின் துப்பாக்கியால் பெரிய பயனில்லை என்பதை நெப்போலியனே கடைசியில் ஏற்றுக்கொண்டு, 1813 அக்டோபரில் லைப்சிக் போருக்குச் சில நாள் முன்பு இரண்டு வரிசையாக நிற்க உத்தரவிட்டார். சுடும் விதியில் பிரிட்டிஷாருக்குத் தனியாக ஒரு கூடுதல் புள்ளி தரும் ஆட்டங்கள் உண்டு. அந்தப் புள்ளியில் எவ்வளவு பங்கு முகப்பு அகலத்திலேயே ஏற்கெனவே அடங்கிவிட்டது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

விரிந்து நிற்பதை விரியணி என்றும், உட்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைத் தொடரணி என்றும் இங்கே சொல்கிறேன். தொடரணியைப் பற்றித்தான் அதிகமான குழப்பம் இருக்கிறது. பலர் மனதில் அது நீண்டு ஒடுங்கிய பாம்பு வடிவம். நமது பட்டாலியனில் ஆறு பிளட்டூன். ஒவ்வொன்றிலும் 100 பேர், 33 ஃபைல், 18 மீட்டர் அகலம். இரண்டிரண்டு பிளட்டூன்களாகச் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்தால் முகப்பு 36 மீட்டர். அடுக்குகளை நன்றாக நெருக்கி நிறுத்தினால் முன்னிருந்து பின்வரை ஆழம் 10, 12 மீட்டர்தான். தாக்குதலுக்குப் போகும் நெருக்கமான தொடரணி ஆழத்தைப்போல் மூன்று மடங்கு அகலமானது! அடுக்குகளுக்கு இடையே ஒரு பிளட்டூன் அகலம் இடைவெளி விட்டால் ஏறக்குறைய சம சதுரம். இடைவெளியை முழுமையாக, அதாவது 36 மீட்டராக வைத்தால்தான் அது நீளமாகத் தெரியும்.

இந்த இடைவெளிக்குள்தான் கவாத்தின் உயிர் இருக்கிறது. பிளட்டூன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் போகின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளட்டூனுக்கும் அடுத்ததற்கும் இடையே, ஒரு முன்வரிசையிலிருந்து மறு முன்வரிசைக்கு, சரியாக ஒரு பிளட்டூனின் அகலம் இருக்கிறது. இடப்பக்கம் எதிரி தெரிகிறான். உத்தரவு வந்ததும் ஒவ்வொரு பிளட்டூனும் தன் இடது ஓரத்தை அச்சாக வைத்து, கீலில் திரும்பும் கதவைப்போல் கால் வட்டம் சுழல்கிறது. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் மூட, சாலையில் போன தொடரணி இடப்பக்கம் நோக்கிய விரியணியாகிவிடுகிறது. ஓட்டையும் இல்லை, நெரிசலும் இல்லை. 30 ஃபைல் கொண்ட பிரிட்டிஷ் கம்பெனியை எடுத்தால் வெளி ஓரத்தில் இருப்பவன் நடக்கவேண்டிய கால் வட்டம் 26 மீட்டர். சுழற்சிக்கென்றே டன்டாஸ் வகுத்த நடை நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு 30 அங்குலம். கணக்கு 20 நொடிக்குள் முடிகிறது. நேர்ப்படுத்த இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் அரை நிமிடம்.

இடைவெளி பிசகினால் என்ன ஆகும்? பின்னால் வரும் கம்பெனி ஐந்து அடி நெருங்கிவிட்டால், சுழன்று முடியும்போது ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறுவார்கள். ஐந்து அடி பின்தங்கியிருந்தால் விரியணியில் துளை விழும். அந்தப் பிரிட்டிஷ் பட்டாலியன் முழுவதும் கம்பெனிக்கு ஐந்தடி வீதம் பின்தங்கியிருந்தால், கடைசிக் கம்பெனி நிற்கவேண்டிய இடத்துக்கு 30 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். ஒவ்வொரு கம்பெனியின் அச்சு ஓரத்திலும் தேர்ந்த ஒருவரை நிறுத்தி, முன்னால் போகிறவரின் முதுகையும் அவருக்கும் தனக்கும் இடையே உள்ள தூரத்தையும் மட்டுமே கவனிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். என்.சி.சி.யில் கவாத்து பழகியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். ‘தேஜ் சல்’ என்றதும் நாம் எடுத்துவைக்கும் அடி இன்றும் 30 அங்குலம், நிமிடத்துக்கு 120. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் வழியாக நமக்கு வந்துசேர்ந்த அளவு அது. அணி திரும்பும்போது வெளி ஓரத்து ஆள் நீட்டி நடக்க, உள் ஓரத்து ஆள் அடியைக் குறுக்க, நடுவில் இருப்பவர் தவிப்பது மைதானத்தில் நின்ற யாரும் மறக்காத அனுபவம்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயில் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி நடத்திய படையில் மதராஸ் ராணுவத்தின் ஐந்து சிப்பாய் பட்டாலியன்கள் இருந்தன. எதிரே மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையில், ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற பட்டாலியன்கள், போல்மன் என்ற ஹனோவர் நாட்டவரின் கீழ் கைத்னா ஆற்றை நோக்கித் தெற்குப் பார்த்து நின்றன. வெல்லெஸ்லி ஆற்றைக் கடந்து அவர்களுடைய இடப்பக்கம் வந்து விழ எண்ணினார். அவர் படை அணிவகுப்பதற்குள் போல்மனின் பட்டாலியன்கள் கிழக்கு நோக்கி முகப்பைத் திருப்பிவிட்டன. பீரங்கிகளுடன், ஒழுங்காக. இவ்வளவு நேர்த்தியை வெல்லெஸ்லி எதிர்பார்க்கவில்லை. அதே களத்தில் அவருடைய பக்கம் நேர்ந்த பெரும் சேதத்துக்கும் காரணம் கவாத்துப் பிழைதான். வலக்கோடியில் முன்காவல் படையை நடத்திய ஓராக் என்ற அதிகாரி அளவுக்கு மீறி வலப்பக்கம் அசாயே கிராமத்தை நோக்கிப் போய்விட்டார். அவரைத் தாங்கவேண்டிய 74ஆம் ரெஜிமெண்ட் பின்தொடர்ந்தது. விரியணியில் பெரிய இடைவெளி விழுந்தது. பீரங்கியும் குதிரைப்படையும் அந்த ரெஜிமெண்டைச் சிதைத்தன. சூழ்ச்சி, வீரம் என்றெல்லாம் எழுதப்படும் ஒரு போரின் உள்ளே இவ்வளவு வடிவக்கணிதம் இருக்கிறது.

இனி அமைப்புப் பட்டியல். 1808 பிப்ரவரி 18 அன்று நெப்போலியன் பிறப்பித்த ஆணையின்படி பிரெஞ்சு ரெஜிமெண்டில் நான்கு போர்ப் பட்டாலியன்கள், ஊரில் ஆள் சேர்த்துப் பயிற்சி தரும் டிப்போ பட்டாலியன் ஒன்று. போர்ப் பட்டாலியனில் ஆறு கம்பெனி: நான்கு ஃபியூசிலியர் (வழக்கமான காலாட்கள்), ஒரு கிரனேடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வொல்த்திஷர் (முன்னால் சிதறி நின்று சுடுபவர்கள்). கம்பெனிக்கு 140 பேர். அதில் 3 அதிகாரிகள், 1 சார்ஜெண்ட் மேஜர், 4 சார்ஜெண்ட், கணக்கு பார்க்கும் ஃபூரியே ஒருவர், 8 கார்ப்பரல், 2 முரசு வாசிப்போர், மிச்சம் 121 சாதாரண வீரர்கள். அதற்கு முன்பு பட்டாலியனில் ஒன்பது கம்பெனி இருந்தது. ஆகவே 1805ஆம் ஆண்டு ஆஸ்டர்லிட்ஸையும் 1809ஆம் ஆண்டு வாக்ராமையும் ஒரே பொம்மைத் தொகுதியால், ஒரே பிரிவினையோடு ஆடுவது சரிவராது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி என்பது சம்பளம், சாப்பாடு, உடுப்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்கான குடும்பம். பிளட்டூன் என்பது களத்தில் அணிவகுத்து நிற்கும் துண்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் என்றாலும் ஒன்றல்ல. ஒரு கம்பெனியில் 70 பேரும் இன்னொன்றில் 110 பேரும் மிஞ்சியிருந்தால், கதவுகள் வெவ்வேறு அகலத்தில் இருக்கும், சுழன்று சேராது. அதனால் அணிவகுக்கும் முன் ஆட்களை இங்கிருந்து அங்கே மாற்றி எல்லாப் பிளட்டூனையும் சமப்படுத்துவார்கள். இக்காலத்தில் பிளட்டூன் என்றால் கம்பெனியின் ஒரு பகுதி என்று பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. அன்றைய பிரெஞ்சுப் படையில் களத்துக்கு வந்த கம்பெனியே பிளட்டூன். அதே 1808 ஆணையில் இன்னொரு விவரமும் உண்டு. ஆறு கம்பெனியும் கூட இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து நகரவேண்டும். கிரனேடியரும் வொல்த்திஷரும் வேறு வேலைக்குப் போயிருந்தால் ஒவ்வொரு பிளட்டூனாக நகரவேண்டும். எந்தக் கம்பெனி எங்கே போயிருக்கிறது என்பது பட்டாலியனின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

அமைப்பும் கவாத்தும் எவ்வளவு பின்னிப் பிணைந்தவை என்பதற்கு ஆஸ்திரிய ஜெனரல் மாக் செய்த மாற்றத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1805இல் போருக்குச் சில மாதங்களே இருந்தபோது, ஆறு கம்பெனிப் பட்டாலியன்களைக் கலைத்து நான்கு கம்பெனிப் பட்டாலியன்களாக்கினார். தாளில் பார்த்தால் நல்ல சீர்திருத்தம், கையடக்கமான பட்டாலியன்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் பட்டாலியனில் தன் இடத்தைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. பழகிய அதிகாரியின் குரல் போய் வேறு குரல் வந்தது. அக்டோபரில் உல்மில் அந்தப் படை சரணடைந்ததற்குக் காரணங்கள் இதைவிடப் பெரியவை. ஆனால் அந்த ஆண்டு ஆஸ்திரியப் பட்டாலியன்களை ஆட்டத்தில் மந்தமாக வைப்பதற்கு இது போதிய காரணம். மந்தம் என்றால் சுடுவதில் அல்ல, அணி மாறுவதில்.

எண்ணிக்கையில் இன்னும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆணையில் உள்ள எண்ணிக்கை களத்தில் இருந்ததே இல்லை. 840 பேர் என்ற பட்டாலியன், நோய், நடைக் களைப்பு, காவல் பணி, மருத்துவமனை எல்லாம் கழித்து 500, 600 பேராக நிற்கும். எனவே அமைப்புப் பட்டியலை வைத்துத் துண்டுகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். ஆட்களின் எண்ணிக்கையை அந்தப் போருக்கு முந்தைய வருகைக் கணக்கிலிருந்து எடுங்கள். கம்பெனிகள் ஆறு என்பது மாறாது. கம்பெனிக்கு எத்தனை பேர் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். இரண்டாவது பள்ளம், யார் யாரை எண்ணினார்கள் என்பது. பிரெஞ்சு வருகைக் கணக்கு பொதுவாக அதிகாரிகள் உட்பட எல்லோரையும் சேர்க்கும். பிரிட்டிஷ் கணக்கு பல சமயம் கார்ப்பரலையும் சாதாரண வீரரையும் மட்டும் எண்ணும்; அதிகாரி, சார்ஜெண்ட், முரசு வாசிப்போர் அதில் வரமாட்டார்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் பிரிட்டிஷ் எண்ணோடு எட்டில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். முகப்பு அகலம் கணக்கிடும்போது இதற்கு நேர்மாறு: பிரெஞ்சு எண்ணிலிருந்து வரிசைக்குப் பின்னால் நிற்கும் அதிகாரிகளையும் சார்ஜெண்டுகளையும் கழிக்கவேண்டும். இந்தச் சின்னத் திருத்தம் இல்லாமல் எழுதப்பட்ட ஆட்டத் தொகுப்புகளில் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் ஏமாற்றப்படுகிறது.

பட்டாலியனுக்கு மேலே இருப்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு ரெஜிமெண்ட் பல பட்டாலியன்களோடு களத்தில் சேர்ந்து நிற்கும். பிரிட்டிஷ் ரெஜிமெண்டின் பட்டாலியன்கள் பெரும்பாலும் வெவ்வேறு நாடுகளில் இருக்கும். களத்தில் ஒரு பட்டாலியனைக் கண்டு அதை முழு ரெஜிமெண்ட் என்று எண்ணிவிடக்கூடாது. அங்கே சண்டையிடும் கூட்டு என்பது பிரிகேட். பிரெஞ்சுக்காரர்களின் கோர், தனக்கென்று காலாட்படையும் குதிரையும் பீரங்கியும் கொண்டு ஒரு நாள் தனித்துச் சண்டையிடக்கூடியது. பிரஷ்யர்கள் 1806இல் யேனாவில் தோற்ற பின் பாடம் கற்று, 1812 ஒழுங்குமுறையில் மூன்றாம் வரிசையை முன்னால் சிதறி நின்று சுடும் வேலைக்குப் பழக்கினார்கள். அங்கும் வரிசை எண்ணுக்கும் வேலைக்கும் நேரடி முடிச்சு.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். குண்டு பறக்கும்போது யார் புத்தகம் பார்த்தார்கள்? உண்மைதான். சேறு, புகை, பயம் எல்லாம் இருந்தன. 1805க்கு முன் ஆங்கிலக் கால்வாய்க் கரை முகாம்களில் நீண்ட பயிற்சி பெற்ற படை செய்ததை 1813இன் இளம் பிரெஞ்சு வீரர்கள் செய்ய முடியவில்லை. ஆனால் புத்தகம் சொல்லும் நேரம் ஒரு தரைமட்டம். அதைவிட வேகமாக யாராலும் மாற முடியாது. அந்த நேரம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் தளபதி கணிக்கவேண்டும். குதிரைப்படை 400 மீட்டரை ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடும். விரிந்து நிற்கும் பட்டாலியன், நாற்புறமும் முகம் காட்டும் சதுர அணியாகக் கூடுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் வேண்டும். கண்ணில் பட்டவுடன் உத்தரவிட்டால் பிழைக்கலாம்; கண்ணில் படவே இல்லையென்றால் வழியில்லை.

1811 மே 16, ஸ்பெயினில் அல்புவேரா. கோல்போர்னின் பிரிட்டிஷ் பிரிகேட் பிரெஞ்சுப் படையின் பக்கவாட்டில் விரிந்து நின்று சுட்டுக்கொண்டிருந்தது. திடீரென ஆலங்கட்டியோடு கொட்டிய மழை. கண் தெரியவில்லை, மருந்து நனைந்தது. அந்த மழைக்குள்ளிருந்து விஸ்துலா போலந்து ஈட்டிக் குதிரைவீரர்களும் ஹுஸார் வீரர்களும் வந்து பக்கவாட்டில் விழுந்தார்கள். விரிந்து நின்ற மூன்று பட்டாலியன்கள் சில நிமிடங்களில் அழிந்துபோயின. நான்காவது, 31ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன், இன்னும் விரியாமல் தொடரணியிலேயே இருந்தது. அது சதுரமாகக் கூடித் தப்பித்தது. நான்கும் ஒரே பிரிகேட், ஒரே பயிற்சி, ஒரே மழை. வேறுபாடு அந்தக் கணத்தில் இருந்த வடிவம் மட்டும்.

அதே களத்தில் எதிர்ப்பக்கத்துக் கதையும் இருக்கிறது. ஜிரார்டின் பிரெஞ்சு டிவிஷன் நெருக்கமாக முன்னேறிவந்து, துப்பாக்கிச்சூட்டின் எல்லைக்குள் நின்ற பிறகு விரிய முயன்றது. முன்னால் இருந்தவர்கள் விழுந்துகொண்டிருக்க, பின்னால் இருந்தவர்களுக்குப் பக்கவாட்டில் போக இடமில்லை. முயற்சி முறிந்தது. அமைதியான மைதானத்தில் இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நமது மூன்றடுக்குத் தொடரணி முதல் அடுக்கை அசையாமல் வைத்து ஒரே பக்கமாக விரிந்தால், கடைசி அடுக்கு 72 மீட்டர் பக்கவாட்டில் போகவேண்டும். விரைவு நடையில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். உத்தரவு, குறியாட்கள் ஓடிப்போய்ப் புதிய கோட்டில் நிற்பது, நேர்ப்படுத்துவது எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். எதிரி அதற்குள் நான்கைந்து முறை சுட்டுவிடுவான்.

தொடரணியா விரியணியா என்ற நெடுங்கால விவாதத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் தொடரணியிலேயே மோதி, பிரிட்டிஷ் விரியணியிடம் தோற்றார்கள் என்பது பல தலைமுறை கேட்ட விளக்கம். வரலாற்றாசிரியர் சார்லஸ் ஓமன் அதை அழுத்தமாக எழுதியவர். 1806 ஜூலை 4 அன்று இத்தாலியில் நடந்த மைதா சண்டையை அதற்குச் சான்றாகக் காட்டினார். மைதாவில் பிரெஞ்சுக்காரர்கள் விரியணியிலேயே வந்தார்கள் என்று தெரிந்ததும் 1912இல் வந்த நூலில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். திருத்தத்துக்குப் பிறகும் பழைய விளக்கம் பல விதிப்புத்தகங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்குப் படுவது, தொடரணி முதலில் நகர்வதற்கான வடிவம். கடைசி நேரத்தில் விரிந்துகொள்வதே நோக்கம். விரியத் தவறிய இடங்களில்தான் அது மோதும் வடிவமாக முடிந்தது. ஆட்ட விதி இதைச் சொல்லவேண்டுமானால், எதிரியின் சூட்டெல்லைக்குள் விரிய முயல்வது ஆபத்தான செயலாக இருக்கவேண்டும்.

மேசைக்கு வருவோம். 1 மில்லிமீட்டர் 1 மீட்டர் என்ற அளவில் ஆடினால் நமது பிரெஞ்சு பட்டாலியன் 110 மி.மீ. அகலம், பிரிட்டிஷ் 165. அகலம் சரியாக அமைந்துவிடும். சிக்கல் ஆழத்தில். மூன்று வரிசையும் பின்னால் நிற்கும் சார்ஜெண்டுகளும் சேர்ந்து நிஜத்தில் 4 மீட்டருக்கு மேல் போகாது, அதாவது 4 மி.மீ. உருவங்கள் நிற்கும் தட்டோ 20 மி.மீ. இருக்கும். அதனால் மேசையில் தொடரணிகள் உப்பித் தெரிகின்றன. இரண்டு கோடுகளாக நிறுத்தினால் இடையே இடமே இல்லாததுபோல் தோன்றுகிறது. உருவத்தின் அழகுக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் தூரங்களை எப்போதும் முகப்பிலிருந்து முகப்புக்கு அளக்கவேண்டும். தட்டின் பின்விளிம்பை எதற்கும் கணக்கில் எடுக்கக்கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஷ்பீல் என்ற போர் ஆட்டம் இன்றும் நல்ல ஆசான். 1:8000 அளவு வரைபடம், படைப்பிரிவின் நிஜ முகப்புக்கு ஏற்ற அளவில் கட்டைகள், ஒரு முறைக்கு இரண்டு நிமிடம், நடுவர் ஒருவர். இரண்டு நிமிடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு பட்டாலியன் அணி மாறும் நேரமும் அதுவேதான். ஒரு முறையை அரைமணி நேரம் என்று வைக்கும் பெரிய ஆட்டங்களில் இந்த மாற்றமெல்லாம் உள்ளே அடங்கிவிடும். அங்கே ஆட்டக்காரர் கோர் தளபதி, பட்டாலியனின் வடிவம் அவர் கவலையல்ல. ஒரே ஆட்டத்தில் கோரையும் நடத்தி ஒவ்வொரு பட்டாலியனையும் சதுரமாக்கும் வேலையையும் ஒருவரிடமே கொடுக்கும் விதிகள் எனக்கு உவப்பானவை அல்ல. எந்த அதிகாரியின் நாற்காலியில் உட்காருகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அவர் படித்திருக்கக்கூடிய பாடத்தை நாமும் படிக்கலாம்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு உருவங்கள்கூடத் தேவையில்லை. ஒரு வரைபடத் தாள், மில்லிமீட்டருக்கு ஒரு மீட்டர். அட்டையில் 18 மி.மீ. நீளத் துண்டுகள் ஆறு வெட்டி, 1 முதல் 6 வரை எண் எழுதுங்கள். வரிசையாக வைத்து விரியணி. 3ஐயும் 4ஐயும் முன்னால் வைத்து மற்றவற்றை அவற்றின் பின்னால் அடுக்கினால் நடுவை முகப்பாகக் கொண்ட தாக்குத் தொடரணி. திரும்ப விரிக்கும்போது எந்தத் துண்டு எவ்வளவு மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்து 65ஆல் வகுத்தால் விரைவு நடையில் ஆகும் நிமிடம் கிடைக்கும். பிறகு கிரனேடியர் துண்டை வலக்கோடியிலிருந்தும் வொல்த்திஷர் துண்டை இடக்கோடியிலிருந்தும் எடுத்துவிட்டு நான்கு துண்டோடு அதையே செய்து பாருங்கள். அதன் பிறகு குறுகலான ஒரு பாலத்தையோ கிராமத் தெருவையோ தாளில் வரைந்து, இதே பட்டாலியன் அதைக் கடந்து மறுபுறம் விரிய எத்தனை நிமிடம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். எதிரியின் குதிரைப்படையை அந்த மறுகரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்தலாம் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.